கோட்டின் கைநுனிப் பொத்தான்கள்

மேனாட்டுக் கோட்டின் கைநுனியில் மூன்று நான்கு பொத்தான்கள் வரிசையாக நிற்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றால் யாது பிரயோஜனம் என்று கேட்டோர் சிலரே. சிப்பாய்கள் மூக்கைக் கையில் துடைக்காதிருக்கும் பொருட்டு நெப்போலியன் அவற்றைத் தைக்கச் செய்தார் என்பர் ஒரு சாரார். இல்லை, நெல்சன் என்பர் மற்றொரு சாரார். ஒரே கதைக்கு இரு கர்த்தாக்கள் இருப்பதே அதனை நாம் நம்பாதிருக்கப் போதும்.

18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலப் பிரபுக்களின் கோட்டுக்கை, ஏறக்குறைய முழங்கை வரையில் அகலமாக மடித்து விடப்பட்டிருந்தது. அம்மடிப்பை நிறுத்தப் பொத்தான் வேண்டியிருந்தது. நாளடைவில் மடிப்பு சுருங்கி மறைந்தது. பொத்தான் மட்டும் எஞ்சியது.

லண்டன் ஸாவில் ரோ வீதித் தையற்காரர்கள் இன்றும் இவற்றுக்கு மெய்யாகவே காஜா எடுத்து, திறந்து மூடும்படி தைக்கின்றனர். வைத்தியர்கள் கோட்டைக் கழற்றாமலே கையைச் சுருட்டிக்கொள்ள உதவியதாம். ஆதலின் இதற்கு 'வைத்தியர் கை' என்று பெயர். காஜா வெட்டிய பின் நீளத்தை நுனியில் குறைத்தல் இயலாது; தோளில் பிரித்தே குறைக்கவேண்டும். ஆகவே ஆயத்த உடை செய்வோர் பெரும்பாலும் பொத்தானை மட்டும் தைத்து நிறுத்திவிடுகின்றனர். விலையுயர்ந்த கோட்டணிந்தோர் சிலர் கடைசிப் பொத்தானை வேண்டுமென்றே திறந்துவிட்டு உலாவுவதன் இரகசியம் இதுவே! கையால் காஜா கட்டும் தொழிலாளியின் திறமையை நாம் மெச்சுகிறோம். திறவாத பொத்தானுக்கு விலை கேட்பதையே ஆட்சேபிக்கிறோம்.

1942-ல் யுத்த நெருக்கடியில் பிரிட்டிஷ் சர்க்கார் துணியையும் உழைப்பையும் மிச்சப்படுத்த உத்தரவிட்டபோது, கால்சட்டையின் அடிமடிப்புடன் இப்பொத்தான்களும் விலக்கப்பட்டன. கோட்டுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. பின்னர் கட்டுப்பாடு நீங்கிற்று, பொத்தான்கள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிற்கின்றன.