தராசில் ஏறும் மனிதர்கள் – 7: மூன்று குதிரைகளுக்கு ஒரே கோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அட்மிரல் ரௌஸ் பந்தயக் குதிரைகளின் வயதை அனுசரித்துப் பாரம் வகுத்ததையும், ஃப்ரெட் ஆர்ச்சர் என்னும் ஜாக்கி பட்டினியாலும் ஜுரத்தாலும் நலிந்து 29-ஆம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். தொடர்ந்து படித்துவரும் வாசகர்களுக்கு இதற்குமேல் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஜாக்கிகள்மீது சுமத்தப்படும் நடத்தைக் குற்றங்களை இந்த வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் சில தினங்களாக என் மனத்தைவிட்டு அகலாமல் நிற்கும் ஒரு பந்தயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை விதிகள் எதற்காக ஏற்பட்டன என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் வேறு சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை.

1944-ஆம் வருஷம் ஜூன் மாதம் 10-ஆம் தேதி, நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கி நான்கே நாட்கள் ஆகியிருந்த அந்தச் சனிக்கிழமை, நியூயார்க் அக்விடக்ட் மைதானத்தில் ஏழு ஃபர்லாங் தூரமுள்ள கார்ட்டர் ஹாண்டிகாப் பந்தயம் நடந்தது. பாஸுவே என்னும் குதிரை 127 பவுண்டு சுமந்தது. வெயிட் எ பிட் 118 பவுண்டு. பிரௌனி 115 பவுண்டு. மூன்றில் மிகுந்த பாரத்துக்கும் குறைந்த பாரத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கடைசி நீட்டத்தில் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றின் மூக்கு மற்றொன்றின் மூக்குக்கு முந்தியதென்று எவராலும் கூற இயலாதபடி கோட்டைக் கடந்தன. கோட்டைக் கடந்த கணத்தில் எடுத்த படத்தை நடுவர்கள் வரவழைத்து ஆராய்ந்தார்கள். கோட்டின்மீது மூன்று மூக்குகளும் சரிசமமாக நின்றன. ஆகவே மூன்று குதிரைகளுக்கும் முதல் பரிசு என்று அறிவிப்பது தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இரண்டு குதிரைகள் சமமாக வருவதைப் பந்தய மைதானத்துக்குப் பழகியவர்கள் பார்த்திருப்பார்கள். இவ்வளவு பெரிய பந்தயத்தில் மூன்று குதிரைகள் சமமாக வருவதோ அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் என்னைப் பரவசப்படுத்துவது அந்த அபூர்வமன்று. நியூயார்க் பந்தயங்களுக்குப் பாரம் வகுத்துவந்த ஜான் காம்ப்பெல் என்பவர், அந்தக் குதிரைகள் முன்னர் ஓடிய ஓட்டங்களையெல்லாம் மனத்தில் நிறுத்தி, இதற்கு இத்தனை பவுண்டு ஏற்றினால் அதற்கு ஈடாகும் என்று மேஜைமுன் அமர்ந்து போட்ட கணக்கு, புழுதியும் வியர்வையும் நிறைந்த மைதானத்தில் ஒரு விரற்கடையும் பிசகாமல் பலித்ததே, அதுதான் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்துகிறது. குதிரையின் திறமைக்கேற்பப் பாரம் வகுக்கும் ஹாண்டிகாப்பின் பரம லட்சியம், ஓடும் குதிரைகள் யாவும் ஒரே சமயத்தில் கோட்டைத் தொடவேண்டும் என்பது. அந்த லட்சியத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதருக்கு வாழ்நாளில் இதைவிடப் பெரிய பாக்கியம் என்ன கிடைத்திருக்க முடியும்?

ஒரு மைல் தூரத்தில் சுமார் இரண்டு பவுண்டு பாரம் ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. அற்பமான இரண்டு பவுண்டு ஒரு குதிரையின் நீளத்தையே மாற்றிவிடும் என்றால், அந்தப் பாரத்தை எப்படி நிறுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகே நின்று பார்க்கவேண்டும். பந்தயத்துக்கு முன் ஜாக்கி தம் சேணத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு தராசில் அமர்கிறார். அவருடைய உடம்பு, உடுப்பு, சேணம் ஆகியவை கணக்கில் சேரும். தலைக்கவசமும் சவுக்கும் கடிவாளமும் பெரும்பாலான இடங்களில் சேர்வதில்லை. நிறை குறைந்தால், சேணத்தின்கீழ் விரிக்கும் துணியின் பைகளில் மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகி நிரப்புகிறார்கள். நிறை மிகுந்தால், இத்தனை பவுண்டு அதிகம் என்று ஜனங்கள் அறிய அறிவிக்கவேண்டும். பந்தயம் முடிந்ததும் ஜாக்கி தம் கையாலேயே சேணத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே தராசுக்கு வரவேண்டும். வழியில் எவரும் அவரைத் தொடலாகாது, எதையும் அவர் கையில் கொடுக்கலாகாது. மளிகைக் கடைக்காரர் தட்டில் படிக்கல்லை வைத்த பிறகு விரலால் அதைத் தொடக்கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோமே, அதே நியாயம்தான்.

இவ்வளவு காவலும் காரணமில்லாமல் ஏற்பட்டதன்று. இங்கிலாந்தில் காகிதம்போல் மெல்லிய தோலில் தைத்த பூட்ஸை அணிந்து தராசில் ஏறி, பின்னர் அதைக் கழற்றிவிட்டு வழக்கமான பூட்ஸை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் தந்திரம் பல காலம் நடமாடியது. அந்த பூட்ஸுக்கு ஏமாற்று பூட்ஸ் என்றே ஜாக்கிகளிடையே பெயர். இதைப் பொய்யென்று வெறுப்பது எளிது, நானும் வெறுக்கிறேன். ஆயினும் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரும் பருகாமல் நின்றவன், கடைசி அரைப் பவுண்டுக்காக அந்தப் பொய்யை நாடினான் என்பதையும் சேர்த்தே நிறுக்கவேண்டும்.

இங்கே இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஜார்ஜ் ஃபோர்டம் என்னும் பையன் 1852-ஆம் வருஷத்துக் கேம்பிரிட்ஜ்ஷையர் பந்தயத்தில் லிட்டில் டேவிட் என்னும் குதிரைமேல் வெற்றி பெற்றபோது அவனுக்கு வயது 15. குதிரை சுமந்த மொத்தப் பாரம் 3 ஸ்டோன் 12 பவுண்டு, அதாவது இருபத்தைந்து கிலோகூட இல்லை. அக்காலத்தில் குறைந்த பாரம் வாய்த்த குதிரைகளுக்குப் பாலர்களைத் தேடிப் பிடித்து ஏற்றினார்கள். அதே பையன் வளர்ந்து 14 முறை இங்கிலாந்தின் முதல் ஜாக்கியாக விளங்கினான் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அவ்வளவு குறைந்த எடையில் சவாரி செய்த மற்றப் பையன்கள் என்ன ஆனார்கள் என்பதை எந்தப் பந்தய ஏடும் குறித்துவைக்கவில்லை.

அமெரிக்காவில், எடையைக் குறைக்க வியர்வை சிந்துவதற்கென்று ஜாக்கிகளின் அறைகளில் வெப்பப் பெட்டி உண்டு. உண்டதை வாந்தியெடுப்பதற்கென்றே பீங்கான் தொட்டி வைத்திருந்த அறைகளும் இருந்தன. 1983-இல் ஆர்க்கன்ஸா மாகாணத்து ஓக்லான் மைதானத்தில், ராண்டி ரொமேரோ என்னும் ஜாக்கி, வியர்வை நன்கு பெருகவேண்டும் என்பதற்காக உடம்பில் ஆல்கஹால் தடவிக்கொண்டு அத்தகைய பெட்டியில் அமர்ந்திருந்தபோது, மின்விளக்கினால் தீப்பற்றி அவருடைய சரீரத்தின் பெரும்பகுதி வெந்துபோயிற்று. அவர் பிழைத்து, மீண்டும் சேணத்தில் ஏறி, 1988-இல் பர்சனல் என்சைன் என்னும் தோல்வியறியாப் பெண்குதிரையை அதன் கடைசிப் பந்தயத்தில் மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார். பிற்காலத்தில் சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில், எடைக்காகத் தாம் வருஷக்கணக்கில் வாந்தியெடுத்ததை அவர் ஒளிக்காமல் வெளியே சொன்னார். அந்தத் துணிவுக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போது காம்ப்பெலின் கணக்குக்குத் திரும்புவோம். 127, 118, 115 என்ற மூன்று எண்களில் பந்தயத்தைச் சமமாக்கியது எண்களுக்கிடையே உள்ள வித்தியாசமேயன்றி எண்களல்ல. ஒவ்வொன்றோடும் பத்துப் பவுண்டு கூட்டி 137, 128, 125 என்று வகுத்திருந்தாலும் ஒரு குதிரைக்கும் மற்றொரு குதிரைக்கும் உள்ள ஈடு ஏறக்குறைய அப்படியே நின்றிருக்கும். மேலேறி அமர்கிறவனோ ஒரு வேளை சாப்பாட்டை வயிற்றில் தங்கவிட்டிருப்பான். ஆகவே குறைந்தபட்சப் பாரத்தைத் தாராளமாக உயர்த்தவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். குதிரையின் கால்கள் தாங்காவென்பார் உண்டு. தடை தாண்டும் பந்தயங்களில் 10 ஸ்டோனுக்கு மேல் சுமந்துகொண்டு, ஏழு ஃபர்லாங்கைப்போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் தூரம் குதிரைகள் ஓடவில்லையா? பாரத்தை உயர்த்தினால் இன்னும் கனமானவர்கள் இத்தொழிலுக்கு வந்து, அவர்களும் பட்டினி கிடப்பார்கள் என்று வாதிப்போரும் உண்டு. இந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ரௌஸின் காலத்துக்குப் பிறகு மனிதர்களின் சராசரி உயரமும் எடையும் வளர்ந்திருக்கின்றன. பாரப் பட்டியல்கள் அந்த வளர்ச்சியோடு நடைபோடாமல் பின்தங்கிவிட்டன.

விதி மனித சரீரத்தோடு பொருந்தாமல் நிற்கும் இடத்தில்தான் குற்றச்சாட்டுகள் முளைக்கின்றன. பிராலியோ பாயஸா என்னும் பனாமா தேசத்து ஜாக்கி 1963-இல் ஷாட்டோகே என்னும் குதிரைமேல் கென்டக்கி டெர்பியை வென்றவர். 1972-இல் இங்கிலாந்தின் யார்க் மைதானத்தில் ராபர்ட்டோ என்னும் குதிரையை ஓட்டுவதற்கு அவரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள்; அவ்வருஷத்து இங்கிலாந்து டெர்பியில் அதே குதிரையை ஜெயிக்கவைத்த லெஸ்டர் பிக்கட் என்னும் ஜாக்கி அதை விட்டு ரைன்கோல்ட் என்னும் குதிரையைத் தேர்ந்துகொண்டிருந்தார். மூன்று வயதுக் குதிரைக்குரிய பாரச் சலுகையோடு ராபர்ட்டோ முன்னே பாய்ந்து, தன் வாழ்வில் ஓடிய 18 பந்தயங்களில் அந்த ஒன்றைத் தவிர வேறெதிலும் தோற்காத பிரிகேடியர் ஜெரார்டை வீழ்த்தியது. பாயஸாவின் சவாரி வாழ்க்கையையும் கடைசியில் எடைப் போராட்டமே முடித்துவைத்தது.

பிற்காலத்தில் அவர் நியூயார்க் மைதானங்களில் தராசு அதிகாரிகளுள் ஒருவராக உத்தியோகம் ஏற்றார். உரிய எடைக்கு மேற்பட்ட ஜாக்கிகளைக் குறைந்த எடையுள்ளவர்களாகப் பதிவு செய்து சவாரி செய்ய அனுமதித்ததாக 2005-இல் அவர்மீதும் உடன் பணியாற்றிய அதிகாரிமீதும் அரசாங்கம் கிரிமினல் குற்றம் சாட்டியது. அச்சிட்ட எடையை நம்பிப் பணம் கட்டிய ஜனங்கள் வஞ்சிக்கப்பட்டார்கள் என்பது அதன் சாரம். 2007-இல் அந்தக் குற்றச்சாட்டுகள் தள்ளுபடி செய்யப்பட்டன. எடைக்காகத் தம் உடம்போடு இளமை முழுவதும் போராடிய ஒருவர், பிறருடைய எடையைப் பார்க்கும் ஆசனத்தில் அமர்ந்தபின் இரண்டு வருஷம் அந்தப் பழியைச் சுமக்க நேர்ந்ததை எண்ணும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

வாக்களித்த மற்ற நடத்தைக் குற்றங்களுக்கு இந்த வாரம் இடமில்லை. 1933-ஆம் வருஷத்துக் கென்டக்கி டெர்பியில் டான் மீட், ஹெர்ப் ஃபிஷர் என்னும் இரு ஜாக்கிகள் கடைசி நீட்டம் முழுவதும் ஒருவரையொருவர் பற்றி இழுத்துக்கொண்டே கோட்டைக் கடந்ததையும், இருவருக்கும் 30 நாள் தடை விதித்துவிட்டு ஃபிஷருக்கு மட்டும் மேலும் ஐந்து நாள் கூட்டியது எதற்காக என்பதையும், ஜெயித்த குதிரையான புரோக்கர்ஸ் டிப் தன் ஆயுளில் வேறெந்தப் பந்தயத்திலும் ஜெயிக்காமற்போனதையும் அடுத்த வாரம் விவரமாக எழுதுகிறேன்.

(தொடரும்)