தேர்வு வேறு, களம் வேறு

கூடைப்பந்து ஆடும் மாணவர்கள் சுரண்டையிலும் என்னிடம் கேட்பதுண்டு: "என்.பி.ஏ.வில் நம்ம ஆளுங்க ஆட முடியுமா சார்?" அவர்களுக்கு இரண்டு வீரர்களைப் பற்றிச் சொல்வேன்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 30 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வில், இரண்டு சுற்றுகளில் சுமார் 60 புதுமுகங்களே எடுக்கப்படுகின்றனர். பெரும்பாலோர் கல்லூரி வீரர்கள். கல்லூரி அணியில் ஆட, படிப்பிலும் குறைந்தபட்சத் தகுதி வேண்டும்.

பஞ்சாப் கிராமத்து மாணவர் சத்னம் சிங் 2010-இல் உதவித்தொகை பெற்று ஃபுளோரிடாவில் பயிலச் சென்றார். 2015 டிராஃப்டில் 52-ஆவதாக டல்லாஸ் அணி அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்து இவ்வாறு தேர்வான முதல் வீரர் அவரே. ஆயினும் என்.பி.ஏ. தொடரில் ஓர் ஆட்டத்தில்கூட ஆடும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

கனடாவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த சிம் புல்லர், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழக வீரர். 2014-இல் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. இரண்டாம் நிலைத் தொடரில் ஆடி, 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணியில் 10 நாள் ஒப்பந்தம் பெற்றார்; மூன்று ஆட்டங்களில் ஆடினார். என்.பி.ஏ.வில் களமிறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர் இவரே.

ஆகவே, மாவட்ட அணிப் பட்டியலில் பெயர் விடுபட்ட மாணவரையும் மறுநாள் பயிற்சிக்கு அழைப்போம். தேர்வாகிப் போட்டிக்குச் சென்று திரும்பும் மாணவருக்கு, விடுபட்ட பாடங்களைத் தனியே நடத்துவோம். இருவருக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.