உயர்மலை வழிகளும் அவற்றின் கடினமும்

உயர்மலை வழியொன்றிலே நடக்க விரும்புவோர், முன்னரே அங்கு சென்று மீண்டவரிடம் முதலிற் கேட்பது, "வழி கடினமா?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு ஒரே சொல்லில் விடை கூறுபவர், கேட்டவரைத் தம்மை அறியாமலே ஆபத்துக்கு உள்ளாக்கிவிடவும் கூடும். ஏனெனில், மலைவழியின் கடினம் இரு கூறுகளை உடையது. ஒன்று வழிக்கு உரியது. அது எளிதில் மாறுவதில்லை. மற்றது நாளுக்கு உரியது. அது காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறொரு விதமாகவும் இருக்கும்.

சுவிற்சர்லாந்தின் அல்பைன் கழகத்தார் மலைநடை வழிகளை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படியைச் சேர்ந்தவை எவரும் நடக்கக்கூடிய நல்ல பாதைகள். அவற்றுக்கு மஞ்சட்குறி இடப்பட்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் படிகளுக்கு வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்னும் கோடுகள். நான்காம் படி முதலாக வெள்ளை, நீலம், வெள்ளை. அங்கே கையூன்றி ஏறவேண்டிய பாறைகளும், கால் தவறினால் உயிர் தப்புவது அரிதான சரிவுகளும் உண்டு. பயனுள்ள வகுப்பு இது என்பதில் ஐயமில்லை. ஆனால், வானம் தெளிந்து தரை உலர்ந்திருக்கும் நல்ல நாளையே இவ்வகுப்பு அடிப்படையாகக் கொண்டது. புதிதாக வெண்பனி விழுந்தாலோ, மூடுபனி சூழ்ந்தாலோ இரண்டாம் படி வழி நான்காம் படிக்கு ஒப்பாகிவிடும். பாதையோரத்துக் குறியோ மாறாது நிற்கும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு நேபாளத்திலுள்ள ஒரு வழியை எடுத்துக்கொள்வோம். அன்னபூர்ணா மலைத்தொகுதியைச் சுற்றிச் செல்லும் புகழ்பெற்ற நடைவழியில் மிக உயர்ந்த இடம் தோரோங் லா என்னும் கணவாய். அதன் உயரம் 5,416 மீற்றர். எமது நாட்டின் அதியுயர் மலையாகிய பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. கணவாயோ அதனிலும் இருமடங்குக்கு மேற்பட்டது. கிழக்கே மனாங் என்னும் கிராமம், மேற்கே முக்திநாத். வைணவர்கள் 108 திருப்பதிகளுள் ஒன்றாகப் போற்றும் திருச்சாளக்கிராமம் இதுவே என்பர். அருகே ஓடும் காளி கண்டகி ஆற்றிலேதான் சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன.

இக்கணவாயைக் கடக்க நல்ல நாளிலே கயிறும் வேண்டியதில்லை, பனிக்கோடரியும் வேண்டியதில்லை. வியாபாரிகளும் யாத்திரிகரும் நெடுங்காலமாக நடந்து பழகிய பாதை அது. வழியை மாத்திரம் நோக்கினால் இது கடினமான வழியன்று. அங்ஙனமாயின் இடர் எங்கே இருக்கிறது?

முதலாவது, காற்றிலே இருக்கிறது. ஏறத்தாழ 5,500 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் பாதியாகக் குறைந்துவிடுகின்றது. காற்றிலே ஒட்சிசனின் பங்கு எங்கும் போல நூற்றுக்கு இருபத்தொன்றுதான்; ஆனால், ஒரு மூச்சிலே உட்செல்லும் அளவு பாதிதான். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. எனினும் அதற்குச் சில நாட்கள் செல்லும். ஆகையினாலேதான் 3,000 மீற்றருக்கு மேலே, ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் மறு இரவு உறங்கும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 500 மீற்றருக்கு மேற்படலாகாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாது தங்கவேண்டும் என்றும் மருத்துவர் விதித்துள்ளனர். 3,540 மீற்றரில் உள்ள மனாங்கிலே நடையாளர் இரண்டு இரவுகள் தங்குவது சோம்பலினால் அன்று.

இவ்விதியை மீறுவோருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாது மேலும் ஏறினால் நுரையீரலிலே நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இளைப்பாறும்போதும் மூச்சுத் திணறினால், அன்றி ஒரு நேர்கோட்டிலே குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு சேர்த்து வைத்து நடக்க இயலாமற் போனால், ஆபத்து வந்துவிட்டதென்று அறிதல் வேண்டும். அந்நிலையிலே கைகண்ட மருந்து ஒன்றுதான்: விடியும்வரை காத்திராது உடனே கீழே இறங்குதல். 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இமாலய மீட்புச் சங்கம், நடைக்காலங்களில் மனாங்கிலே மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி, இவ்வறிவுரையையே வருவோர்க்கெல்லாம் கூறிவருகின்றது.

இங்கே ஒரு விந்தையையும் குறிப்பிடல் வேண்டும். உடல் வலிமை இந்நோயைத் தடுப்பதில்லை. வலிமையுள்ள இளைஞன் விரைந்து ஏறுவான். விரைவே அவனுக்குப் பகையாகும். மெல்ல நடக்கும் முதியவர் நலமே கடந்து செல்வதும் உண்டு. முன்னர் மனாங்கை அடையக் கால்நடையாகப் பல நாட்கள் சென்றன. அந்நாட்களிலே உடல் தானாகவே பழகிக்கொண்டது. இப்பொழுது ஜீப் வண்டிகள் செல்லும் பாதை மனாங் வரை வந்துவிட்டது. வழி இலகுவாயிற்று, ஆனால், அந்தப் பயிற்சி நாட்கள் இல்லாமற் போயின. இலகுவான வழி இடர் மிகுந்த வழியாகும் விதம் இதுவே.

இரண்டாவது இடர், நேரம். கணவாயின் கீழே, ஏறக்குறைய 4,500 மீற்றர் உயரத்தில் தோரோங் பேதி என்னும் தங்குமிடம் உண்டு. அங்கிருந்து கணவாய்க்குத் தொள்ளாயிரம் மீற்றருக்கு மேல் ஏற்றம். பின்னர் முக்திநாத்துக்கு ஆயிரத்து அறுநூறு மீற்றருக்கு மேல் இறக்கம். இவை இரண்டையும் ஒரே நாளிலே முடித்தல் வேண்டும். ஆகவே நடையாளர் விடிவதற்கு முன்னரே கைவிளக்குகளோடு புறப்படுகின்றனர். முற்பகல் கழியுமுன் கணவாயைக் கடந்துவிட வேண்டும். அதன்பின் அங்கே கடுங்காற்று எழும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடுந்தோறும் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியசு குறையும். கடல்மட்டத்திலே முப்பது பாகையாக இருக்கும் காற்று, இக்கணக்கின்படி, கணவாயின் உயரத்தில் உறைநிலைக்கும் கீழே ஐந்து பாகையளவில் நிற்கும். அதன்மேற் காற்றும் வீசினால் உடலுக்குத் தோன்றும் குளிரைச் சொல்லவேண்டியதில்லை. வழியிலே மேடு ஒவ்வொன்றும் இதுதான் உச்சி என மயக்கும். ஏறியபின் அப்பால் வேறொரு மேடு தோன்றும். ஏற்றத்திலே எல்லா வலிமையையும் செலவிட்டவர்க்கு, இறக்கத்திலே முழங்கால் ஒத்துழைக்காது. தவறி விழுதல் பெரும்பாலும் இறங்கும்போதே நிகழும்.

மூன்றாவது இடர், வானம். ஒக்ரோபர் மாதமே இவ்வழிக்கு மிக உகந்த காலம் என்பது அனைவரும் கூறுவது. மழைக்காலம் நீங்கி வானம் தெளிந்திருக்கும். ஆயினும், 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேதான் அவ்வழியின் பெருந்துயர் நிகழ்ந்தது. நாம் நன்கு அறிந்த வங்காள விரிகுடாவிலே வலுப்பெற்ற ஹூட்ஹூட் என்னும் சூறாவளி, ஒக்ரோபர் 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தருகே கரையேறியது. அதன் எஞ்சிய ஈரக்காற்று வடக்கே சென்று இமயத்தை முட்டியது. கரையிலே மழையாக விழுந்தது, மலையிலே 14ஆம் திகதி வெண்பனியாகக் கொட்டியது. ஒரே நாளில் ஒரு மீற்றருக்கும் மேலாகப் பனி குவிந்தது. சூறாவளியைப் பற்றிய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால், மலைவழியில் நின்ற பெரும்பாலோரை அது எட்டவில்லை.

கணவாயின் உச்சியிலே சிறு தேநீர்க்கடை ஒன்று உண்டு. புயலிற் சிக்கியோரிற் சிலர் அங்கே ஒதுங்கினர். பின்னர் அதைவிட்டு மேற்குச் சரிவிலே இறங்கத் துணிந்தோரிற் பலர், வானும் தரையும் ஒரே வெண்மையாகிவிட்ட நிலையில் வழி தவறினர்; குளிரிலே விறைத்து மாண்டனர். வேறு சிலரைப் பனிச்சரிவுகள் மூடின. அப்புயலினால் அம்மலைப் பகுதிகளிலே நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அயல்நாட்டு நடையாளர் மாத்திரமல்லர். நேபாள வழிகாட்டிகளும் சுமைகாரரும் அவர்களுள் அடங்குவர். நூற்றுக்கணக்கானோர் பின்னர் மீட்கப்பெற்றனர். முதல் வாரத்திலே பலரும் நடக்கக்கூடியதாக இருந்த அதே பாதைதான் அது. ஒரு கல்லும் இடம் மாறவில்லை, நாள் மாறியது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாது? மலைக்குச் செல்லாதிருத்தல் நல்லது என்பதன்று. செல்வோர் தம் பயணத்திலே ஓரிரு நாட்களை மிகுதியாக வைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே. விமானம் புறப்படும் திகதியைக் கணக்கிட்டு மலையேறுபவர், முகில் திரள்வதைக் கண்ணாற் கண்டும் தங்கமாட்டார். ஒருநாள் தங்குவதற்கு இடமுள்ளவரோ தேநீர் அருந்திக்கொண்டு புயல் கடந்துபோகும்வரை இருப்பார். அதேபோல, எந்த மணிக்குள் கணவாயை அடையாவிடின் திரும்புவது என்பதைக் கீழே, மனம் தெளிந்திருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். மேலே சென்றபின், ஒட்சிசன் குறைந்த மூளை நல்ல தீர்ப்பு வழங்காது. அயல்நாட்டார் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு செல்லவேண்டுமென நேபாளம் 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் விதித்தது. நல்ல வழிகாட்டி பாதையைக் காட்டுவதோடு அமையார். திரும்பவேண்டிய இடத்தையும் காட்டுவார். அவர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால், கூலி கொடுத்தவர் அதைக் கேட்டு நடத்தல் வேண்டும். சுமை தூக்குவோருக்கும் தம்மைப் போலவே கம்பளியும் காலணியும் உண்டா என்பதைப் பார்த்தல் அவர் கடமையாகும்.

ஆகவே, நேயர்களே, மலையிலிருந்து மீண்டவரிடம் "வழி கடினமா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த மாதத்திலே சென்றார், எத்தனை நாள் தங்கி ஏறினார், வானம் எப்படி இருந்தது என்பவற்றையும் கேளுங்கள். பின்னர் மலையடிவாரத்தை அடைந்ததும், அங்கே வாழ்பவரிடம் "இன்று வழி எப்படி?" என்று கேளுங்கள். அவர் தரும் விடையைக் கொண்டே புறப்படுவதா, தங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.