டப்பா கேக்கின் ஈரம்

கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி ஒரு துண்டு, சாதாரண மஞ்சள் கேக் ஒரு துண்டு. இரண்டில் எதில் தண்ணீர் அதிகம்? கேக்கில்தான் என்று நாக்கு அடித்துச் சொல்லும். ஆனால் ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். கேக்கில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அப்படியிருந்தும் ரொட்டி தொண்டையை அடைக்கிறது, கேக் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஈரம் என்று நாம் நினைப்பதில் தண்ணீரோடு சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் பங்கு இருக்கிறது.

இந்த ரகசியத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு தயாரித்த சரக்குதான் டப்பாவில் வரும் கேக் மிக்ஸ். மாவைக் கொட்டி, முட்டை, எண்ணெய், தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் அடித்து ஓவனில் வைத்தால் போதும். அன்றுதான் முதன்முறையாகக் கேக் செய்கிறவருக்கும் மெத்தென்று வந்துவிடும். இதைக் கைப்பக்குவம் என்று சொல்ல முடியாது. பாதி வேலை மாவு மில்லிலேயே முடிந்துவிட்டது.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். அங்கே கரும்புப் பாகு வியாபாரம் செய்த பி. டஃப் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் ஜான் டஃப், பாகை மாவோடு சேர்த்து உலர்த்தித் தூளாக்கி, தண்ணீர் கலந்தால் இஞ்சி கேக் ஆகும் கலவையைச் செய்தார். அதற்கான காப்புரிமை 1933-ல் கிடைத்தது. அதில் முட்டைத் தூளும் சேர்ந்தே இருந்தது. 1935-ல் பெற்ற அடுத்த காப்புரிமையில் முட்டையை எடுத்துவிட்டார். புது முட்டையை வீட்டிலேயே உடைத்து ஊற்றுவதைத்தான் பெண்கள் விரும்புகிறார்கள் என்பது அவர் கணக்கு. 1950-களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியல் நிபுணர், குடும்பத் தலைவிகளின் குற்ற உணர்வைப் போக்கவே முட்டையை வெளியே எடுக்கச் சொன்னார் என்று ஒரு சுவையான கதை உலவுகிறது. தேதிகளைப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. தவிர, முட்டைத் தூள் போட்ட கேக்கைவிடப் புது முட்டை ஊற்றிய கேக் நன்றாகவே வரும். காரணம் தேட மனசுக்குள் அவ்வளவு ஆழம் போயிருக்க வேண்டாம்.

பல அமெரிக்க டப்பாக்களின் சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது மாவு அல்ல, சர்க்கரை. சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கோதுமை மாவின் ஸ்டார்ச் வெறும் தண்ணீரில் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே உப்பத் தொடங்கிவிடும். சர்க்கரை நிறைய இருந்தால் அது 80-ஐயும் தாண்டித் தள்ளிப்போகும். கேக் இறுகத் தாமதமாகும் அந்த இடைவெளியில் காற்றுக் குமிழிகள் விரிந்து முடிக்கின்றன. சரி, மைதாவில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டால் போதுமா? போதாது. பொங்கி எழுந்த கேக் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும்.

இங்கேதான் மில்லின் கைவேலை. அமெரிக்காவில் கேக் மாவைக் குளோரின் வாயுவில் காட்டி எடுப்பார்கள். வெளுப்பது இருக்கட்டும், ஸ்டார்ச் மணிகளின் மேற்பரப்பே மாறிவிடுகிறது. அவை கூடுதல் தண்ணீரை இழுத்து உப்பும், கொழுப்போடு ஒட்டும். அதனால் மாவின் எடையைவிட அதிகமான சர்க்கரையையும் கேக் தாங்கி நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த முறையை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் அதற்குப் பதிலாக மாவைச் சூடுபடுத்திப் பதப்படுத்துகிறார்கள்.

அடுத்து, டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். எமல்சிஃபையர் 471 அல்லது 477 என்று இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் கொழுப்புச் சேர்மங்கள் இவை. அடிக்கும்போது புகும் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாக மாவுக்கரைசலில் நிறுத்திவைப்பதும் இவைதான். பேக்கிங் பவுடர் கேக்கில் குமிழிகளை உண்டாக்குகிறது என்று நினைக்கிறோம். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு புதுக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் குமிழிக்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்கத்தான் அதற்குத் தெரியும். வெட்டிய கேக்கின் முகத்தில் தெரியும் நுண்ணிய துளை ஒவ்வொன்றும், அந்த இரண்டு நிமிடத்தில் கரண்டியோ பீட்டரோ உள்ளே அடித்துவிட்ட காற்று.

டப்பா எண்ணெய் ஊற்றச் சொன்னால் எண்ணெயே ஊற்றுங்கள். மணத்துக்கு வெண்ணெய்தான் மேல், மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெய் ஆறினால் உறைந்துவிடும். எண்ணெய் அடுத்த நாளும் திரவமாகவே இருக்கும். வாயில் போட்டதும் ஈரமாக உணர்வது பெரும்பாலும் அதைத்தான்.

காய்ந்துபோவதும் தண்ணீர் போவதும் ஒன்றல்ல. ரொட்டி தண்ணீரை இழக்காமலேயே விறைக்கிறது, மறுபடி சூடாக்கினால் இளகுகிறது என்று 1852-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ காட்டிவிட்டார். வெந்து குலைந்த ஸ்டார்ச் இழைகள் மறுபடி வரிசைகட்டி இறுகுவதுதான் காரணம். நேற்றைய சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துக்கொள்வதும் இதனால்தான். அந்த 4 டிகிரிக் குளிரில் ஸ்டார்ச் வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும். 471 இந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, நிறுத்துவதில்லை.

ஆகவே கிரீம் பூசாத கேக்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளைக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கிரீம் கேக்குக்கு ஃப்ரிட்ஜைத் தவிர வேறு வழியில்லை. பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் உறைந்த கொழுப்பாவது இளகும்.