உங்களுக்குத் தெரியுமா? திருவனந்தபுரத்தில் கிங் கேட்ட சொல்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம், கிழக்கேகோட்டைப் பகுதிகளின் அரசுக் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பிறகுதான். அதற்கும் முன்பே, 1893-இல், தலித்துகளுக்குத் தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டிக் காட்டியவர் தலித் தலைவர் அய்யங்காளி.

1959-இல் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் இந்நகருக்கு வந்தார். தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். கிங் அதிர்ந்தார்; மனம் புண்பட்டது. பிறகு வறுமையிலும் ஒதுக்கலிலும் வாழும் தம் 2 கோடி கறுப்பின மக்களை நினைத்தார். ஆம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்தார். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டா தேவாலயப் பிரசங்கத்தில் அவரே சொன்னது இது. எத்தனை நேர்மையான மனம்!

அதன்பின் அமெரிக்கா மாறியதா? மாறியது. கறுப்பர்-வெள்ளையர் திருமணத்தை 1958-இல் ஏற்றவர்கள் 4 சதவீதம். 2021-இல் 94 சதவீதம் என்கிறது கேலப் கருத்துக்கணிப்பு. ஆனாலும் 2020-இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் ஒரு காவலரின் முழங்காலுக்கடியில் உயிர்விட்டார். நம்மவர்களோடு சாதியும் கடல் கடந்தது: 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில்.