நெடும் பிரயாணத்துக்கான இரு சக்கர யந்திரம்

அதிவேகமும் நெடுந்தூரப் பிரயாணத்தின் சௌகரியமும் ஒரே யந்திரத்தில் இசைந்திருத்தல் அரிது என்ற எண்ணத்தை மாற்றிய வாகனங்களுள், ஜப்பானின் யமஹா நிறுவனம் 2001-இல் ஐரோப்பியச் சந்தைக்கு அளித்த எஃப்.ஜே.ஆர். 1300 விசேஷ கவனத்துக்குரியது. 1,298 சி.சி. கொள்ளளவுள்ள அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இயல்பாக எழும் அதிர்வை, உள்ளே சுழலும் இரண்டு சமன் தண்டுகள் பெருமளவு சாந்தப்படுத்துகின்றன. சங்கிலிக்குப் பதிலாக, உறைக்குள் சுழலும் தண்டொன்று சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்வதால், எடை சற்றுக் கூடினாலும், அடிக்கடி சங்கிலிக்கு எண்ணெயிட்டு இறுக்கும் சிரமம் அறவே நீங்குகிறது. விசையைத் தொட்டால் உயர்ந்து தாழும் காற்றுத்தடுப்பும், 25 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் டாங்க்கும், அலுமினியச் சட்டமும் பிரயாணியின் நலனை உத்தேசித்தே அமைந்தவை. வேகத்தை மட்டும் கொண்டு இத்தகைய யந்திரத்தை மதிப்பிடலாகாது. நாள் முழுதும் ஓட்டியவர் களைப்பின்றி இறங்குவதே அதன் மேன்மைக்கு உண்மையான பிரமாணம்.