புகையிரதப் பாதுகாப்புக் கருவிகள்: எதுவரை நம்பலாம்?

எமது புதுக்குடியிருப்புக்குப் புகையிரதம் வருவதில்லை. ஆனால் சரக்கு ஏற்றச் செல்லும் எமது லொறிகள் எத்தனையோ புகையிரதக் கடவைகளைத் தாண்டியே போய் வருகின்றன. யாழ்ப்பாணப் பாதை 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட பின் வன்னியிலும் இதே நிலைதான். எனவே வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டிய விடயம் இது.

தானாக இயங்கும் கடவையில், புகையிரதம் குறித்த தூரத்துக்கு வந்ததும் தண்டவாளத்திலுள்ள மின்சுற்று அதை உணர்கிறது. உடனே சிவப்பு விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது. அதன் வேலை எச்சரிப்பது மட்டுமே. வாகனத்தை அது நிறுத்தாது. 2005 ஏப்ரலில் பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரையில் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் ஒரு பஸ் கடவைக்குள் நுழைந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சரி, மனிதன் தவறினாலும் தானே பிரேக் பிடிக்கும் கருவி இருந்தால் போதுமா? இந்தியாவில் 'கவச்' என்றொரு முறை உண்டு. சாரதி சிவப்புச் சமிக்ஞையைத் தாண்ட முற்பட்டால் அதுவே புகையிரதத்தை நிறுத்தும். நல்ல கருவிதான். ஆனால் சமிக்ஞையே பொய் சொன்னால்?

2023 ஜூன் 2ஆம் திகதி ஒடிசாவில் பாலசோர் அருகே அதுதான் நடந்தது. சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ சரக்கு ரயில் நின்ற பக்கத் தண்டவாளத்துக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பாதையில் கவச் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இருந்திருந்தாலும் பச்சை விளக்குக்கு அது பிரேக் பிடித்திராது. காரணம், சமிக்ஞைப் பெட்டியில் பிழையாக இணைக்கப்பட்ட வயர்கள். 2022 மே மாதத்தில் அதே புகையிரதப் பிரிவில் இதுபோன்ற கோளாறு ஒன்று தென்பட்டிருந்தது. அப்போதே திருத்தியிருந்தால் இவ்விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கூறியது.

எமது கடைத் தராசும் அப்படித்தான். பிழையாக செட் செய்தால் பிழையான நிறையைத்தான் காட்டும். ஆகவே கருவி வேண்டும், அதைச் சோதித்துப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

எமது கையிலுள்ளவை மூன்று. மணி ஒலிக்காவிட்டாலும் கடவையில் லொறியை நிறுத்தி இரு பக்கமும் பார்க்கச் சாரதிக்குச் சொல்லி வையுங்கள். மின்தடையிலோ பழுதிலோ மணி ஒலிக்காமலும் போகலாம். மணியோ விளக்கோ பழுதானதைக் கண்டால் அருகிலுள்ள நிலையத்துக்கு அறிவியுங்கள். முக்கியமாக, "எங்கே நிற்கிறாய், கெதியாய் வா" என்று போனில் அவசரப்படுத்தாதீர்கள். வேகமாக வரும் புகையிரதம் பிரேக் பிடித்தாலும் பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். பிந்தி வந்த சரக்கை நாளையும் விற்கலாம்.